தலைவர் நாற்காலி தருகிறார்கள், கஜானாவில் என்ன இருக்கிறது?

கேள்வி:

அண்ணா, நான் ஜியாலஜிஸ்ட். ஒன்டாரியோவில் ஒரு பெரிய சுரங்க நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை. டி.எஸ்.எக்ஸ். வென்ச்சர் என்ற, சின்ன கம்பெனிகளுக்கான கனடியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒரு சின்ன கம்பெனி என்னைத் தலைமை நிர்வாகியாக வரச் சொல்கிறது. அவர்களுக்கு வடமேற்கு ஒன்டாரியோவில் ஒரு தங்க நிலம் இருக்கிறது. பாறையை நேரில் பார்த்தேன், உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. 18.6 கோடி ஷேர், விலை 4 சென்ட். கையில் 3.8 லட்சம் டாலர், கொடுக்க வேண்டியது 2.1 லட்சம். அலுவலகச் செலவு மாதம் 45,000, எனவே எட்டு மாதம் ஓட்டலாம் என்கிறார்கள். இப்போதைய தலைவர் சேர்மனாகத் தொடர்வாராம். "டெக்னிக்கல் வேலையை நீங்கள் பாருங்கள், பணம் கொண்டுவருவது என் பொறுப்பு" என்கிறார். எனக்கு மேடைப் பேச்சு வராது, யாரிடமும் காசு கேட்டுப் பழக்கமில்லை. ஸ்கார்பரோவில் சொந்தக்காரர்கள், கோயில் வட்டத்து ஆட்கள் சிலர் முதலீடு செய்யத் தயார் என்கிறார்கள். போகலாமா? பணம் எப்படித் திரட்டுவது? பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, முதலில் அந்த எட்டு மாதக் கணக்கைச் சரிசெய்வோம். 3.8 லட்சத்தில் கடன் 2.1 லட்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது 1.7 லட்சம். மாதம் 45,000 என்றால் நாலு மாதம்கூட வராது. இதை உங்களிடம் எட்டு மாதம் என்று சொன்னவர் கணக்குத் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

நான் கணக்காளர். இப்படிப்பட்ட சின்ன கம்பெனிகள் சிலவற்றுக்கு ஒரே நேரத்தில் பகுதிநேர நிதி அதிகாரியாக இருக்கிறேன். இந்தத் தொழிலில் அது சகஜம், முழுநேரம் வைத்துக்கொள்ள யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் பாறையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அதில் உங்கள் கண்தான் பேச வேண்டும். ஆனால் நல்ல பாறையை வைத்துக்கொண்டு செத்துப்போன கம்பெனிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாமே ஒரே விதமாகத்தான் போயின. ஆறு மாதத்துக்குத் தேவையான பணம் திரட்டுவார்கள், அதில் பாதி சம்பளத்துக்கும் ஆடிட்டருக்கும் வக்கீலுக்கும் பட்டியல் கட்டணத்துக்கும் போகும், மீதியில் தங்கம் தேடி நிலத்தில் நாலு துளை போடுவார்கள், நாலு துளையில் எதுவும் தீர்மானமாகத் தெரியாது, விலை இன்னும் இறங்கியிருக்கும், அந்த இறங்கிய விலையில் மறுபடியும் ஆறு மாதத்துக்குத் திரட்டுவார்கள். நாலைந்து வருடம் இப்படி ஓடினால் உங்களுக்குக் காட்டியிருக்கிற 18.6 கோடி ஷேர் வந்துவிடும்.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலம் ஓட்டுவதற்காகப் பணம் திரட்டாதீர்கள், ஒரு கேள்விக்கு முழு விடை வாங்கத் திரட்டுங்கள். அதற்குச் சம்மதிக்கிற போர்டு என்றால் போங்கள். இல்லை என்றால் இருக்கிற வேலையிலேயே இருங்கள், அங்கே பென்ஷனாவது வரும்.

கேள்வி என்று நான் சொல்வது என்ன? உங்கள் நிலத்தில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வெட்டுமண்டலம் (பாறை நொறுங்கி நகர்ந்த பட்டை) போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் தங்கம் தொடர்ச்சியாக இருக்கிறதா, அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்கிறதா என்பது கேள்வி. அதற்கு எத்தனை மீட்டர் துளையிட வேண்டும் என்பதை என்னைவிட, சேர்மனைவிட, எந்தப் புரோக்கரையும்விட நீங்கள்தான் சரியாகச் சொல்ல முடியும். 5,000 மீட்டர் என்கிறீர்களா? ரோடு இருக்கிற இடத்தில் ரிக் (துளையிடும் இயந்திரம்), கூலி, கோர் (துளையிலிருந்து எடுக்கும் பாறைத் தண்டு) வெட்டுவது, அசே (தங்க அளவைச் சோதிப்பது) எல்லாம் சேர்த்து மீட்டருக்கு 300 டாலர் என்று போட்டால் 15 லட்சம். விமானத்தில்தான் போக வேண்டிய இடம் என்றால் இது எங்கேயோ போய்விடும். அலுவலகச் செலவை 30,000-க்குக் குறைத்து 18 மாதத்துக்கு 5.4 லட்சம். மொத்தம் 20.4. அதில் கையிருப்பு 1.7 போக 18.7 வேண்டும். லேப் தாமதம், ரிக் உடைவது, பனி சீக்கிரம் உருகுவது எல்லாம் நடக்கும், அதனால் 22 லட்சம். இந்தத் தொகை வராவிட்டால் துளை போட ஆரம்பிக்கவே கூடாது. பத்து லட்சம்தான் வந்தது, ஆகிற வரை ஆகட்டும் என்று யாராவது சொன்னால், அங்கே மறுக்கத் தெரிந்தவர்தான் எனக்குத் தெரிந்த அர்த்தத்தில் தலைவர்.

4 சென்ட் விலையில் இன்னொரு சிக்கல். வென்ச்சர் சந்தை பொதுவாக 5 சென்ட்டுக்குக் கீழே பிரைவேட் பிளேஸ்மென்ட் (தேர்ந்தெடுத்த சிலருக்கு நேரடியாகப் புது ஷேர் விற்பது) செய்ய விடாது. எனவே ரோல்பேக், அதாவது பத்துப் பழைய ஷேருக்கு ஒரு புதிய ஷேர், அநேகமாகத் தவிர்க்க முடியாது. 18.6 கோடி 1.86 கோடியாகும், விலை காகிதத்தில் 40 சென்ட் ஆகும். காகிதத்தில் என்று ஏன் சொல்கிறேன் என்றால் ரோல்பேக் முடிந்த மறுவாரமே விலை வழுக்குவது வழக்கம், பழைய பங்குதாரர்கள் வெறுத்துப்போய் விற்பார்கள். 30 சென்ட்டில் 22 லட்சம் திரட்டுகிறீர்கள் என்றால் சுமார் 73 லட்சம் புது ஷேர், மொத்தம் 2.6 கோடிக்குள். பரவாயில்லை, வேலை செய்யக்கூடிய அமைப்பு. ஆனால் ரோல்பேக்கைத் தனியாக அறிவிக்காதீர்கள். புதிய தலைவர், ரோல்பேக், பணம் போட ஒப்புக்கொண்ட பெரிய முதலீட்டாளர், மூன்றும் ஒரே அறிக்கையில் வர வேண்டும். பணம் உறுதியாகாமல் ரோல்பேக் மட்டும் செய்த கம்பெனி மறுபடி 5 சென்ட்டுக்கு வந்து சேருவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஷேர் எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு உங்கள் பக்கத்து ஊர் உதாரணமே இருக்கிறது. ரெட் லேக் பக்கத்தில் டிக்ஸி நிலத்தை வைத்திருந்த கிரேட் பேர் ரிசோர்ஸஸ். அதன் தலைவர் கிறிஸ் டெய்லரும் உங்களைப் போல ஜியாலஜிஸ்ட்தான். 2017-ல் துளையிட ஆரம்பித்து, 2018-ல் ஹிஞ்ச் ஸோன் என்ற தங்கப் பகுதி, 2019-ல்தான் எல்.பி. ஃபால்ட் என்ற பெரிய அமைப்பு கிடைத்தது. 2021 டிசம்பரில் கின்ராஸ் என்ற பெரிய தங்கச் சுரங்க நிறுவனம் அதை வாங்க ஷேருக்கு 29 டாலர் என்று விலை சொன்னது, மொத்தம் ஏறக்குறைய 180 கோடி கனடிய டாலர். வகுத்துப் பாருங்கள், ஆப்ஷன், வாரண்ட் (பின்னால் குறித்த விலையில் ஷேர் வாங்கும் உரிமைகள்) எல்லாம் சேர்த்தே ஆறு கோடி ஷேர் சொச்சம்தான். உங்களுக்குத் தரப்போகிற கம்பெனி ஒரு கிராம் தங்கம்கூடக் கண்டுபிடிக்காமலே அதைப்போல மூன்று மடங்கு ஷேர் வெளியிட்டிருக்கிறது.

சரி, பணம் எங்கிருந்து வரும்? கனடாவில் இருப்பதால் ஃப்ளோ-த்ரூ ஷேர் என்ற வசதி உங்களுக்கு உண்டு. கம்பெனி தனக்குரிய ஆய்வுச் செலவின் வரிக்கழிவை முதலீட்டாளருக்கு விட்டுக்கொடுக்கும், தகுதியான ஆய்வு என்றால் அதற்குமேல் மத்திய அரசின் 15 சதவீத வரிச்சலுகையும் அவருக்கு உண்டு, ஒன்டாரியோவாசி என்றால் மாகாணத்தின் 5 சதவீதமும் சேரும். அதனால் சாதாரண ஷேரைவிட அதிக விலை கொடுத்து வாங்குவார்கள், உங்களுக்கு ஷேர் எண்ணிக்கை குறையும். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். அந்தப் பணத்தை நிலத்தில் ஆய்வுக்கு மட்டும்தான் செலவழிக்கலாம். ஆடிட்டருக்கோ, சந்தைக் கட்டணத்துக்கோ, உங்கள் அலுவலகச் சம்பளத்துக்கோ ஒரு சதம்கூட எடுக்க முடியாது. உங்கள் கணக்கில் 15 லட்சத்தை ஃப்ளோ-த்ரூவாகத் திரட்டலாம், மீதி 7 லட்சம் 'ஹார்ட் டாலர்', அதாவது எதற்கும் செலவழிக்கக்கூடிய சாதாரண ஷேர் பணமாகத்தான் வர வேண்டும். எல்லாவற்றையும் ஃப்ளோ-த்ரூவில் திரட்டிவிட்டு வாடகை கட்டக் காசில்லாமல் நிற்கிற கம்பெனிகள் இருக்கின்றன, யானை வாங்கினவனிடம் அங்குசத்துக்குக் காசில்லை என்கிற கதைதான். தவிர, அந்தப் பணத்தை அடுத்த வருடக் கடைசிக்குள் செலவழித்தே ஆக வேண்டும். தவறினால் கம்பெனிக்கு வரி, முதலீட்டாளருக்கு இழப்பீடு, அப்புறம் உங்களிடம் யாரும் வரமாட்டார்கள்.

ஃப்ளோ-த்ரூ வாங்குகிறவர் பெரும்பாலும் வரிக்காக வாங்குகிறவர், உங்கள் பாறைக்காக அல்ல. பிளேஸ்மென்ட் ஷேருக்குப் பொதுவாக நாலு மாதமும் ஒரு நாளும் விற்பனைத் தடை உண்டு. அந்த நாள் முடிந்த காலையில் விற்றுவிட்டு, இலவசமாக வந்த வாரண்ட்டை மட்டும் வைத்துக்கொள்வார். குறை சொல்ல மாட்டேன், அவருடைய கணக்கு அது. ஆனால் அந்தத் தேதி உங்கள் காலண்டரில் சிவப்பு மையில் இருக்க வேண்டும். அந்த வாரத்தில் விற்பனையைத் தாங்குகிற அளவுக்குப் புதிதாக எதுவும் சொல்ல இல்லையென்றால் விலை இறங்கும், அதைப் பார்த்துப் பதறவும் கூடாது.

அதனால் ஹார்ட் டாலர் 7 லட்சத்தை யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதுதான் விஷயம். எனக்குத் தெரிந்து பத்து பேரிடம் பிச்சுப் பிச்சு வாங்குவதைவிட, நிலவியல் தெரிந்த ஒரே ஒருவரிடம் முதலில் மூன்றில் ஒரு பங்கை வாங்குவது மேல். வளத்துறை நிதி ஒன்றாக இருக்கலாம், பழைய கம்பெனியை விற்றுப் பணம் பார்த்த யாராவது ஜியாலஜிஸ்ட்டாக இருக்கலாம், 9.9 சதவீதம் எடுத்துக்கொள்கிற பெரிய சுரங்க நிறுவனமாக இருக்கலாம் (பத்தைத் தொட்டால் அறிவிப்பு, படிவம் என்று அவர்களுக்குத் தலைவலி, அதனால்தான் அந்த எண்). அப்படி ஒருவர் போட்டால் மற்றவர்கள் தாங்களே வருவார்கள். மார்ச்சில் டொரன்டோவில் பி.டி.ஏ.சி. என்ற சுரங்கத் துறை மாநாடு நடக்கும்போது கூடத்தில் ஸ்டால் போட்டுப் பேனா விநியோகிப்பதற்குப் பதிலாக, ஒரு கோர் பெட்டியைக் கொண்டுபோய் இப்படிப்பட்ட ஆறு பேரிடம் தலா அரை மணிநேரம் காட்டுங்கள்.

மேடைப் பேச்சு வராது என்று கவலைப்படுகிறீர்கள். வராவிட்டால் நல்லது என்றே சொல்வேன். நன்றாகப் பேசுகிறவர்களால் வந்த கேடு இந்தத் தொழிலுக்கு நிறைய. பிரெ-எக்ஸ் என்ற கனடியக் கம்பெனியின் கதை உங்களுக்கே தெரியும். இந்தோனேசியாவில் பூசாங்கில் உலகத்திலேயே பெரிய தங்கப் படிவம் என்றார்கள், 600 கோடி டாலர் மதிப்புவரை போனது, 1997-ல் எல்லாம் கலப்படம் செய்த மாதிரிகள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு 2001-ல் 43-101 என்ற, சுரங்க கம்பெனிகள் ஆய்வு முடிவுகளை வெளியிடுவதற்கான விதி வந்ததால்தான் உங்களைப் போன்ற தகுதி பெற்ற ஜியாலஜிஸ்ட் அல்லது எஞ்சினியரின் பெயர் இல்லாமல் இன்று அப்படி அறிக்கை விட முடியாது. பணம் போடத் தெரிந்தவர்கள் கேட்பது மூன்றே விஷயம்: என்ன சோதிக்கப் போகிறாய், எவ்வளவு ஆகும், என்ன வந்தால் நிறுத்துவாய். மூன்றாவதற்கு விடை வைத்திருக்கிற தலைவர்கள் ரொம்பக் குறைவு. "முதல் பத்து துளையில் இப்படி வந்தால் இந்த நிலத்தை விட்டுவிடுவேன்" என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், அந்த ஒரு வரிக்காகவே பணம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

பெரிய கம்பெனியில் உங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு தொலைபேசி அழைப்பு இங்கே வரும், அதற்குத் தயாராக இருங்கள். அசே வந்திருக்கும். 30 மீட்டருக்குச் சராசரி டன்னுக்கு 3 கிராம் தங்கம். ஆனால் அதில் ஒரு மீட்டர் மட்டும் 85 கிராம், மீதி 29 மீட்டரைக் கணக்குப் போட்டால் 0.17 கிராம், வெறும் கல். சேர்மன் கூப்பிட்டு "தலைப்பில் 30 மீட்டர் 3 கிராம் என்று போடுங்கள், உள்ளே ஒரு மீட்டர் என்பதை அட்டவணையில் வைத்துக்கொள்ளலாம்" என்பார். அட்டவணையில் இருப்பதால் பொய் இல்லை என்றும் சொல்வார். கையெழுத்து உங்களுடையது. நீங்கள் நம்பியிருக்கிற அந்த ஆறு பேரும் பத்து விநாடியில் இந்தக் கழித்தலைப் போட்டுவிடுவார்கள், அடுத்த முறை போனை எடுக்க மாட்டார்கள். மோசமான துளையை மோசம் என்றே தலைப்பில் போடுங்கள், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒளித்து வெளியிடாதீர்கள், அறிக்கை வெளியான பிறகு (முன்பு அல்ல) பெரிய முதலீட்டாளர்களைக் கூப்பிட்டு ஏன் தவறியது, அடுத்து என்ன என்று சொல்லுங்கள். விலை விழும். ஆனால் அடுத்த பிளேஸ்மென்ட் அந்த அழைப்பில்தான் பாதி முடிகிறது.

இப்போது சொந்தக்காரர், கோயில் வட்டம். இதில் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன். வேண்டாம்.

சட்டத்தை முதலில் சொல்கிறேன். பிளேஸ்மென்டில் யார் வேண்டுமானாலும் பணம் போட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட முதலீட்டாளராக இருக்க வேண்டும், உதாரணமாகக் கடந்த இரண்டு வருடமும் தனி வருமானம் 2 லட்சம் டாலருக்கு மேல் இருந்து இந்த வருடமும் அப்படியே எதிர்பார்க்கிறவர், அல்லது கடன் போகக் கையில் 10 லட்சத்துக்கு மேல் நிதிச்சொத்து உள்ளவர். இல்லையென்றால் இயக்குநர்களின் நெருங்கிய குடும்பம், நெருங்கிய நண்பர் என்ற விதிவிலக்கு. ஆனால் ஒரே சங்கத்தில், ஒரே மத அமைப்பில் உறுப்பினர் என்பதாலோ, கூட வேலை செய்கிறவர் என்பதாலோ மட்டும் ஒருவர் நெருங்கிய நண்பர் ஆகிவிடமாட்டார் என்று ஒழுங்குமுறை அமைப்புகளின் விளக்கக் குறிப்பே சொல்கிறது. நம் ஆட்கள் ஒருவரையொருவர் அண்ணன் தம்பி என்று கூப்பிடுவது அங்கே செல்லாது. வேறு விதிவிலக்குகளும் இருக்கின்றன, அவற்றை வக்கீலிடம் கேளுங்கள்.

சட்டம் இடம் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். இப்படிப்பட்ட கம்பெனிகளில் மிகப் பெரும்பாலானவை சுரங்கம் வரை போவதே இல்லை. அந்த மாமா வீட்டு அடமானத்தின் மேல் எடுத்த பணத்தைப் போடுகிறாரா என்பது உங்களுக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டார். சீட்டுக் கட்டுகிற மனநிலையில் போடுகிறவருக்கு 'உயர் ஆபத்து' என்று கையெழுத்து வாங்கிய படிவம் எதுவும் மண்டையில் ஏறாது. இன்னொன்று, கல்யாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது "தம்பி, ரிசல்ட் எப்படி, இன்னும் கொஞ்சம் வாங்கலாமா" என்று கேட்பார்கள். வெளியிடாத அசே உங்கள் மெயிலில் இருக்கிற நாளில் நீங்கள் "பொறுங்கள் மாமா, பார்ப்போம்" என்று சிரித்துச் சொன்னாலே, அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர் வாங்கினார் என்றால், உள்தகவல் கொடுத்த குற்றத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பட்டியலிட்ட கம்பெனி தானே, சந்தையில் வாங்க விரும்புகிறவர் தானே முடிவெடுத்து வாங்கட்டும். நீங்கள் கேட்காதீர்கள்.

உங்கள் சொந்தப் பணம்? போட வேண்டும். எல்லோருக்கும் தருகிற அதே விலையில், அதே தடைக்காலத்தோடு, போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய தொகை. 20,000 என்றாலும் சரி, வீட்டை வைத்து வேண்டாம். அதைவிட முக்கியம் சேர்மன் போடுகிறாரா என்பது. பணம் கொண்டுவருவது என் பொறுப்பு என்கிறாரே, அவர் கடந்த மூன்று பிளேஸ்மென்ட்களில் எவ்வளவு போட்டார், எப்போது விற்றார் என்பதை, கம்பெனிக்கு உள்ளே இருப்பவர்களின் பங்கு வர்த்தகத்தைப் பதிவு செய்யும் செடி (SEDI) தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்பெனி ஆவணங்கள் இருக்கும் செடார் பிளஸ் (SEDAR+) தளத்தில் மூன்று வருட நிதி அறிக்கையை இறக்கி, தொடர்புடையவர்களுடனான பரிவர்த்தனை என்ற குறிப்பைப் படியுங்கள். மாதா மாதம் ஆலோசனைக் கட்டணம் யாருக்குப் போகிறது, அந்த 2.1 லட்சம் கடனில் எவ்வளவு இயக்குநர்களுக்கே கொடுக்க வேண்டியது, துளைக்குச் செலவானதைவிட அலுவலகத்துக்கு அதிகம் செலவாகியிருக்கிறதா, தலைவரை மாற்றினால் பெரிய தொகை தர வேண்டும் என்று ஏதாவது ஒப்பந்தம் இருக்கிறதா. எனக்குப் படுவது, உங்கள் பெயரை வைத்து ஒரு சுற்றுப் பணம் திரட்டி, அதில் முதலில் தங்கள் நிலுவையைத் தீர்த்துக்கொள்வதுதான் திட்டம். தப்பாகவும் இருக்கலாம், அந்தக் குறிப்பைப் படித்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அதனால் நிபந்தனை வைத்துப் பேசுங்கள். இயக்குநர்களின் நிலுவை இந்தப் பணத்தில் தீர்க்கப்படாது, வேண்டுமானால் புதிய விலையில் ஷேராக எடுத்துக்கொள்ளட்டும். சேர்மனின் மாதக் கட்டணம் நிற்கும், இந்தப் பணம் திரட்டும் சுற்றில் அவரும் ஒரு குறிப்பிட்ட தொகை போடுவார். போர்டில் ஒரு இடத்துக்கு ஆளை நீங்கள் சொல்வீர்கள். அறிக்கையின் வாசகத்தில் இறுதிச் சொல் உங்களுடையது. பங்கு விளம்பர ஏஜென்சிகளோடு ஒப்பந்தம் உங்கள் கையெழுத்து இல்லாமல் கிடையாது. நியமனம் பிளேஸ்மென்ட் முடிகிற அதே நாளில் அமலுக்கு வரும், அதுவரை உங்கள் இப்போதைய வேலையை விடமாட்டீர்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். அந்த நிலத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஏதாவது நிலம் இருந்தால், நீங்கள் பாறை பார்க்கப் போனதே பிரச்சினை ஆகலாம்.

இத்தனையும் கேட்டால் சேர்மன் முகம் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள். ஒப்பந்தத்தைப் படிக்க ஒரு வக்கீலை வையுங்கள், கம்பெனி வக்கீல் இலவசமாகப் பார்த்துத் தருகிறேன் என்பார், அவர் வேண்டாம். இயக்குநர்களுக்கான காப்பீடு நடப்பில் இருக்கிறதா, பிரீமியம் கட்டியிருக்கிறார்களா என்று உங்கள் வக்கீலை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பணம் இறுகும்போது பல கம்பெனிகள் கட்டாமல் விடுவது அதைத்தான்.